மேஹாமுக்கு மேலே

இருபத்தைந்து நிமிடம் என்றுதான் போட்டிருந்தது. எண்பத்து மூன்று கிலோமீட்டர், பறக்கும் நேரம் இருபத்தைந்து நிமிடம். நேற்றுக் கைபேசியில் தட்டிப் பார்த்தபோது தான் இருக்கிற போட்ஸ்பியூரையும் அக்கா இருக்கிற மேஹாமையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, கோட்டின் நடுவில் ஒரு குட்டி விமானத்தையும் வரைந்து காட்டியது. அந்தக் கோட்டை இப்போது நினைக்கத் தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடு போடுகிறவனுக்கு என்ன, எங்கேயோ சூடான அறையில் இருந்து போட்டுவிடுவான். காலையில் வெளிக்கிடவேண்டிய விமானம் மத்தியானமாகப் போகிற நேரத்தில்தான் ஆட்களை ஏற்றியிருக்கிறது. ஏற்றியும் அசைகிறதாகத் தெரியவில்லை. வெளியே ஒருவன் சிறகின் மேல் பனி கரைக்கும் மருந்தை விசிறிக்கொண்டிருந்தான், கத்தரிச்செடிக்கு மருந்தடிக்கிற மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல். ஒரு மணிக்கு அக்காவுக்குக் கல்யாணம். அறுபத்தொரு வயது அக்காவுக்கு. அதை நினைக்கிறபோதெல்லாம் வயது முதலில் வந்து நிற்கிறது, துரத்தினாலும் போவதில்லை. ஒரு மணிக்கு, மேஹாம் ஊராட்சிக் கந்தோரில், அவள் சாட்சியாக நின்று கையெழுத்து வைக்கவேண்டும். பணிப்பெண் வந்து மடியிலிருந்த பெட்டியைக் காட்டி, இதை இருக்கைக்குக் கீழே வையுங்கள் என்றாள். உள்ளே அரியதரம், கல்யாணத்துக்கென்று சுட்ட பலகாரம். கீழே வைத்தால் உடைந்துபோகும் என்று நொர்வேஜியனில் எப்படிச் சொல்வது, அரியதரம் உடையாது, பிய்யும், அதற்கு ஒரு சொல் அந்த மொழியில் இருக்கிறதோ தெரியாது. முப்பது வருசம் இந்த நாட்டில் மீன் வெட்டியும் அந்த ஒரு சொல் கைவரவில்லை. குனிந்து கீழே வைத்தாள். இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டாள். விமானம் அசையவில்லை.

இந்தத் தூரம் தொடக்கத்திலிருந்தே ஏமாற்றுத் தூரம்தான். அகதி முகாமில் இருந்த நாட்களில் ஒரு அதிகாரி சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டி, உன் அக்கா இங்கே, உனக்கு இங்கே இடம் கிடைத்திருக்கிறது என்று இரண்டு புள்ளிகளில் விரலை வைத்தார். நோர்வேயின் வடக்கு விளிம்பு, அதற்கு அங்கால் கடல், கடலுக்கு அங்கால் பனிக்கட்டி. ஆனால் இரண்டு புள்ளிக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாது. அவளும் புருசன் நடேசனும் ஆளை ஆள் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வீடு மாதிரி எண்டு அவள் சொன்னாள். அந்தப் பைத்தியக்காரச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீடாம். தரைவழியாகப் போனால் குடாவைச் சுற்றி, மலையைச் சுற்றி, முந்நூறு கிலோமீட்டர். மாரியில் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். திறந்தாலும் பனி வழிக்கிற வண்டிக்குப் பின்னால் கார்கள் வரிசையாக ஊர்ந்து போகவேண்டும். நேற்றுப் பாதை மூடி. கப்பலில் போகலாம் என்று இராத்திரி துறைமுகத்துக்குப் போனால், கடல் சரியில்லை, இன்றைக்குக் கப்பல் இந்தத் துறைக்குள் வராது என்று பலகையில் எழுதிவிட்டார்கள். வெளியே கப்பலின் வெளிச்சம் அப்படியே தாண்டிப் போனதை அவள் கண்ணால் பார்த்தாள். ஒரு ஊர் இன்னொரு ஊருக்குப் போகவேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தமாதிரி. அக்காவிடம் சொன்னால் நம்புவாளா? பாதை மூடி, கப்பல் வரவில்லை, விமானம் பிந்திவிட்டது. மூன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பொய் மாதிரிக் கேட்கும். உனக்கு வர விருப்பமில்லை, அதைச் சொல்லன் என்று அக்கா சொல்லமாட்டாள். பேசாமல் இருப்பாள். அக்கா பேசாமல் இருப்பதை யாரால் தாங்க முடியும்?

விசிறி சுழலத் தொடங்கியதும் உடம்பு முழுவதும் இரைந்தது. பல் வரைக்கும் இரைந்தது. ஓடுபாதை முடிகிற இடத்தில் சட்டென்று நிலம் விட்டுப்போய், வயிறு ஒரு கணம் பின்னால் தங்கிப் பிறகு வந்து சேர்ந்தது. கீழே வெள்ளை, அதற்கப்பால் கறுப்புக் கடல். மாரியின் நீள இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்து சில கிழமைதான் ஆகிறது, மத்தியானமும் விடியப்போகிற நேரம் மாதிரி நீலமாகக் கிடந்தது. சரி, வெளிக்கிட்டாயிற்று. இனி இருபத்தைந்து நிமிடம். மேஹாம் விமான நிலையம் ஊரோடு ஒட்டினது, இறங்கினால் நடந்தே போய்விடலாம். போய் நிற்பது, சிரிப்பது, கையெழுத்து வைப்பது, அரியதரத்தைக் கொடுப்பது. கதைக்கவேண்டியதில்லை. அதுதான் அவளுடைய திட்டம். மூன்று நாளாக இரவிரவாக யோசித்துக் கண்டுபிடித்த திட்டம். அங்கே நிறைய ஆட்கள் நிற்பார்கள், படம் எடுப்பார்கள், அந்தச் சந்தடியில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார்கள். வந்து நிற்கிறாள், அது போதாதா? வந்து நிற்கிறதைவிடப் பெரிதாக வாயால் என்ன சொல்லிவிட முடியும்? நடேசன் காலையில் காரில் கொண்டுவந்து விடும்போது, "நீர் போய் இறங்கும், மிச்சம் தானாச் சரிவரும்," என்றான். அவனுக்கு எல்லாம் தானாகச் சரிவரும். அக்கா தான் கட்டப்போகிற ஆர்வித்தைப் பற்றி முதலில் சொன்ன அன்றும், "அவ வாழட்டுமன், உமக்கென்ன?" என்று கேட்டுவிட்டு அவன் செய்திக்குத் திரும்பிவிட்டான். உமக்கென்ன. அந்தக் கேள்வி அவளுக்குள் மீன்முள் மாதிரி இறங்கி நின்றுகொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

உமக்கென்ன? அவள் அக்காவிடம் சொன்ன காரணங்கள் வேறு. ஒஸ்லோவில் இருக்கிற சனம் என்ன கதைக்கும் என்றாள். பெறாமகன் முகத்தில் எப்படி முழிப்பது என்றாள், அக்காவின் அந்த மகன்தான் கனடாவிலிருந்து முதல் ஆளாக வாழ்த்துச் சொன்னவன் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அந்தப் பொறுமைதான் விசரைக் கிளப்பியது, கத்தினாலாவது பரவாயில்லை. அப்போதுதான் அதைச் சொன்னாள். "அத்தான்ர படத்தைக் கழட்டி எங்கை வைக்கப்போறியள், கட்டிலுக்குக் கீழயோ?" சொன்ன கையோடு நாக்கு குளிர்ந்துபோயிற்று. அத்தான், அக்காவின் முதல் புருசன், செத்துப் பதினாலு வருசம். மேஹாம் மீன் தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறையில், ஒரு சப்பாத்தைக் கழற்றியபடி, மற்றதைக் கழற்றாமல் செத்துப்போன மனிதர். அவருக்காகக் கதைக்கிறமாதிரிக் கதைத்தாளே, அவருக்காகவா? அவர் இருந்தபோது அவரோடு பத்து வார்த்தை பேசியிருப்பாளா? அக்கா, "சரி மலர், வைக்கிறன்," என்றாள். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா போன் அடிக்கவில்லை. பதினாலு வருசமாகப் பின்னேரத் தேத்தண்ணியோடு அடிக்கிற போன். என்ன சமைச்சனி, அங்கை பனி எவ்வளவு, இஞ்சை கதவு திறக்க ஏலாமல் கிடக்கு, வேறென்ன, வேறொண்டும் இல்லை. அவ்வளவுதான் கதை. அந்த வேறொண்டும் இல்லைக்காகத்தான் அவள் வேலையால் ஓடி வருவாள். இப்போது அந்த நேரத்தில் ஆர்வித் அக்காவோடு இருந்து கோப்பி குடிப்பான். சொன்னால் சின்னப்பிள்ளைத்தனம். ஐம்பத்து மூன்று வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? நடேசனிடம் சொன்னால் சிரிப்பான். சனம் கதைக்கும் என்று சொல்வது மரியாதையான காரணம். எனக்கு இனி ஆர் போன் எடுப்பினம் என்பது ஒரு காரணமா? மூன்று மாதத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மணி. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். ஒண்டு அவற்ற தங்கச்சி. மற்றது, நீ வந்தால் நீ. இந்தக் கடைசி வரியை எத்தனை விதமாகத்தான் வாசிப்பது? வந்தால் சந்தோசமா, வராவிட்டாலும் காரியமில்லையா? வராவிட்டால் யார் என்று ஏன் எழுதவில்லை?

விமானம் சரிந்தது. பணிப்பெண் நடந்து வந்து எல்லாருடைய பட்டியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தானும் போய் இருந்து பட்டியைப் போட்டுக்கொண்டாள். முன்னால் இருந்த பல் வைத்தியர், மாதம் ஒருமுறை ஊரூராகப் போகிறவர், பத்திரிகையை மடித்து வைத்தார். அவர் மடித்து வைத்ததுதான் அவளுக்குப் பயத்தைத் தந்தது. பறந்து பழகின மனுசன் ஏன் மடித்து வைக்கவேண்டும்? மேகம் கலைந்த இடைவெளியில் கீழே மேஹாம் தெரிந்தது. ஐயோ, எவ்வளவு கிட்ட. துறை, துறைக்குள் கட்டிவைத்த படகுகள், சிவப்பு மஞ்சள் வீடுகள், முதியோர் இல்லத்தின் நீளக் கூரை, அங்கேதான் அக்கா சமையலறையில் வேலை. ஆர்வித்தின் தாய் அங்கேதான் கடைசி இரண்டு வருசம் கிடந்தாள், அக்கா கையால்தான் கஞ்சி குடிப்பாளாம், மகன் வந்து வந்து பார்த்துப் பழகினவன். ஓடுபாதையின் இரண்டு பக்க விளக்கும் எரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் வண்டி. இதோ, இதோ என்று மனம் எழும்பி நின்றது. அப்போது பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று விமானத்தைக் கையால் அறைந்தமாதிரி இருந்தது. சிறகு கீழே போயிற்று, மற்றச் சிறகு கீழே போயிற்று, பின்னால் யாரோ ஒரு பெண் ஐயோ என்பதற்கு அந்த மொழியில் என்னவோ அதைச் சொன்னாள். ஓடுபாதை கண்ணாடியில் நேராக வந்து, கோணலாகி, காணாமல் போய், இயந்திரம் அலறி, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. தவமலர் முருகா என்றாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு சத்தமாக முருகா என்றாள். விழுந்தால் இங்கேயே விழும், அக்காவின் தலைக்கு மேலே, கல்யாணத்துக்கு வந்தவளை அக்கா பனிக்குள் தேடி எடுக்கவேண்டிவரும், அதுவும் நான் கொடுக்கிற தொல்லையாகத்தான் முடியும்.

விமானி காற்றைப் பற்றிச் சொன்னார். பக்கக் காற்று, இன்னொருமுறை முயற்சிக்கிறோம். அவர் குரல் கடையில் மிச்சக்காசு இல்லை என்று சொல்கிறவனின் குரல்மாதிரி இருந்தது. சுற்றினார்கள். கடல், மலை, கடல். சுற்றச் சுற்றக் கோபம் பயத்தை விழுங்கிக்கொண்டு வந்தது. மணி பன்னிரண்டே முக்கால். எண்பத்து மூன்று கிலோமீட்டரையும் கடந்தாயிற்று, மிச்சம் இருப்பது இந்த முந்நூறு நானூறு மீட்டர், மேலிருந்து கீழே, அதற்குத்தான் வழியில்லை. அதை ஏன் அந்தக் கோட்டில் போடவில்லை? ஒரு கயிறு தந்தால் இறங்கிவிடுவேன். இந்தச் சனியன் பிடித்த காற்று காலையில் எங்கே போயிருந்தது, நாங்கள் அங்கே தரையில் சும்மா இருந்த நேரம் முழுவதும் இங்கே அடங்கித்தான் கிடந்ததாம், நிலையத்தில் ஒருத்தி சொன்னாள். இரண்டாம் முறை இன்னும் கீழே போனார்கள். இம்முறை ஊராட்சிக் கந்தோரே தெரிந்தது, வாசலில் கொடிக்கம்பம், கொடி நெட்டுக்கு விறைத்து நின்றது. வாசலில் யாரோ நிற்கிறார்கள். சிவப்பா? அக்கா சிவப்பா உடுத்தியிருப்பாள்? அவள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். காற்று மறுபடி அறைந்தது. மறுபடி அலறல். மேகம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. விமானி, மன்னிக்கவும், ஹொன்னிங்ஸ்வோக்குக்குப் போகிறோம் என்றார். அடுத்த ஊர். அடுத்த ஊருக்கு எத்தனை நிமிடம் என்றும் சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பல் வைத்தியர் பத்திரிகையை மறுபடி விரித்தார். அவருக்கு எங்கே இறங்கினாலும் பல் இருக்கிறது.

ஹொன்னிங்ஸ்வோக் நிலையம் ஒரு பெரிய கடை அளவுதான். கோப்பி இயந்திரம், நாலைந்து கதிரை, மூடிய ஒரு கவுண்டர். பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு அவள் போனை எடுத்தாள். மூன்று மாதம் அழுத்தாத எண். அதை அழுத்தினாள். ஒரு மணி தாண்டிவிட்டது, முடிந்திருக்கும், யாரோ ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வைத்திருப்பார்கள், நீ வந்தால் நீ.

"மலர்?" அக்காதான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "எங்கை நிக்கிறாய்? இறங்கினனியே? ஒண்டும் நடக்கேல்லையே உனக்கு?"

"ஹொன்னிங்ஸ்வோக்கில, அக்கா. இறக்க ஏலாமப் போச்சு. ரெண்டு தரம் வந்து வந்து..."

"தெரியும். வாசலில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ரெண்டாந்தரம் வீட்டுக் கூரையில முட்டப்போகுது எண்டு கண்ணை மூடிப்போட்டன்." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அவர் இப்பதான் வந்தவர். இண்டைக்கு அவருக்கு லீவு. எண்டாலும் கோட்டுசூட்டோட போய் விடியத்திலயிருந்து ஓடுபாதையில பனி வழிச்சுக்கொண்டு நிண்டவர். உன்ர பிளேன் இறங்கவேணுமாம். பனியை வழிக்கலாம், காத்தை என்னெண்டு வழிக்கிறது?"

அந்த மஞ்சள் வண்டி. ஆர்வித் விமான நிலையத்தில் பனி வழிக்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும்தான். அந்த வேலையைச் சொல்லித்தான் அவள் முதலில் முகத்தைச் சுளித்தாள். அவள் என்ன சொன்னாள் என்று அக்கா அவனிடம் சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தும் போயிருப்பானா? "முடிஞ்சுதா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை. இஞ்சை கந்தோரில வேலைசெய்யிற பிள்ளை தான் கையெழுத்து வைக்கிறன் எண்டுது. நான் வேண்டாம் எண்டிட்டன். கட்டிவைக்கிற தவிசாளருக்கும் வேற கூட்டமாம், அவா வெளிக்கிடப்போறா. பரவாயில்லை மலர். நீ இல்லாமல் நான் செய்யேல்லை. விடு. பிறகு பாப்பம்."

பிறகு பாப்பம். அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தவமலருக்குத் தெரியும். அக்காவின் படிப்புக்குப் பிறகு பாப்பம் என்றார் அப்பு, பிறகு பார்க்கவில்லை. ஒஸ்லோவுக்கு மாறிப் போவம் என்று அத்தான் கேட்டபோது அக்கா பிறகு பாப்பம் என்றாள், தங்கச்சி வடக்கில் தனிச்சுப்போவாள் என்று, பிறகு பார்க்கவில்லை. இதுவும் அப்படித்தான் போகும். வசந்தம் வரட்டும் என்பார்கள், மகனுக்கு லீவு கிடைக்கட்டும் என்பார்கள், அப்புறம் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். நாளைப் பின்னேரம் போன் அடிக்கும். என்ன சமைச்சனி, அங்கை பனி எவ்வளவு. ஒன்றும் செய்யத் தேவையில்லை. சரி அக்கா என்றால் போதும். குற்றம் காற்றின்மேல்தான், அவள்மேல் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒரு கணம், ஒரு மிடறு தேத்தண்ணி இறங்குகிற நேரம், அவளுக்கு உடம்பெல்லாம் இளகி ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைப் பார்த்து அவளே பயந்துபோனாள். கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். இந்த விசர் விமானம் அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு சொல் சொல்லாமல் தப்பியிருப்பாள்.

"அக்கா."

"ம்."

"அத்தான்ர படத்தைப் பற்றி நான் சொன்னது பிழை. அது அத்தானுக்காகச் சொன்னதில்லை. நீங்கள் இனி எனக்குப் போன் எடுக்கமாட்டியள் எண்டு பயத்தில சொன்னது." மூக்கால் ஓடியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கையெழுத்தை வைக்கச் சொல்லுங்கோ. தவிசாளரை விடாதேங்கோ. கட்டுங்கோ, அக்கா. நான் சொல்லுறன், இப்பவே கட்டுங்கோ."

அங்கே கதிரை இழுபடுகிற ஓசை, நொர்வேஜியனில் ஆர்வித் ஏதோ கேட்கிற ஓசை, அக்கா அவனுக்குச் சொல்கிற ஓசை. பிறகு அக்கா கிட்ட வந்து, "போனை வைச்சிடாதை. மேசையில வைக்கிறன். கேட்டுக்கொண்டு நில்," என்றாள். அந்தப் பேசாமல் இருக்கிற அக்காவின் குரல் உடைந்திருந்தது. தவமலர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனைக் காதோடு அழுத்தினாள். தவிசாளரின் குரல் தூரத்தில் வாசித்தது. சேர்ந்து வாழ்வதைப் பற்றி, பொறுப்பைப் பற்றி, அரைவாசி விளங்கியது. ஆர்வித்திடம் கேட்டார்கள். ஆம் என்று அவன் இருமலோடு சொன்னது தெளிவாகக் கேட்டது. பிறகு அக்காவின் முழுப்பெயரைச் சொன்னார்கள். குணபூசணி என்பதை அந்த அம்மா குனாபுசானி என்று சொன்னாள், எவ்வளவு பழகியிருப்பாளோ, அதற்கு மேல் அவளுக்கு வராது. அக்காவிடம் கேட்டார்கள். தவமலர் மூச்சை நிறுத்தினாள்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி டிங் என்றது. மேஹாமில் காற்றுக் குறைந்துவிட்டது, மேஹாம் செல்லும் பயணிகள் உடனே விமானத்துக்கு வரவும் என்று ஒரு பெண் முதலில் நொர்வேஜியனிலும் பிறகு ஆங்கிலத்திலும், ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக அறிவித்தாள். தவமலர் மற்றக் காதைப் பொத்தினாள், குனிந்தாள், கதிரைக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்தாள். அறிவிப்பு முடிந்தபோது போனுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா!" என்று கத்தினாள். கிழவர் திடுக்கிட்டார். "அக்கா, சொல்லிப்போட்டியளோ?"

கைதட்டலுக்குள்ளிருந்து அக்கா வந்தாள். "ஓம், சொல்லிப்போட்டன். உனக்குக் கேக்கேல்லையே?"

"கேட்டது," என்றாள் தவமலர்.

"பிறகேன் கேக்கிறாய், விசரி?" அக்கா சிரித்தாள்.